பதினோராவது சீட்டு

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் மரணப் பதிவேட்டில் ‘காரணம்’ என்னும் கட்டத்துக்கு நேரே ‘சுரம்’ என்று எழுதிவிட்டு, மை உலர்வதற்காக ராமபத்ரன் காத்திருந்தான். ஆடி மாதத்து ஈரத்தில் மை எளிதாக உலர்வதில்லை. மேசையிலிருந்து நான்கடி தொலைவில், நோயாளிகளைக் கிடத்தும் பலகையின்மேல், சுருளிவேல் குப்புறக் கிடந்தான். மல்லாக்கக் கிடத்தினால் முதுகு பலகையோடு ஒட்டிக்கொண்டது. தோல் இருந்த இடங்களைக் காட்டிலும் தோல் இல்லாத இடங்களே அம்முதுகில் மிகுதி. விலாவின் இடப்பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. காதிலிருந்து வழிந்த இரத்தம் கழுத்து மடிப்பில் கறுத்துக் கட்டியிருந்தது. கங்காணிகள் கையில் பிடிக்கும் காப்பிக் கம்புக்குக் கணுக்கள் உண்டு. அக்கணுக்கள் எங்கெங்கே பதிந்தன என்பதை, வெந்நீரில் துணியை நனைத்துத் துடைக்கும்போதே ராமபத்ரன் பார்த்துவிட்டான். அந்த முதுகைப் பார்த்தவன் எவனும் அந்தச் சொல்லை எழுத மாட்டான். அவன் எழுதினான்.

வாசற்படியில் தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தா குடையை மடக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

“தொரை ஒண்ணும் சொல்லல்லை, கேட்டீரா? அவர் சொல்லாததுதான் காரியம். ஆளுக்குக் காய்ச்சல் இருந்ததோ இல்லையோ?”

“இருந்தது.”

“பின்னே என்ன? இருந்ததைத்தானே எழுதியிருக்கீர்?”

அந்தத் தோட்டத்தில் வேலைக்குப் போகாமல், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் படுத்திருக்க வேண்டுமானால் டிஸ்பென்சரியின் சீட்டு வேண்டும். சீட்டுப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் இரு பாதி; நோயாளியின் பெயரை இரண்டிலும் எழுதி, ஒரு பாதியைக் கிழித்துக் கொடுக்க வேண்டும்; மறுபாதி புத்தகத்திலேயே அடிக்கட்டையாகத் தங்கும். கொழுந்து மிகுந்த மாதங்களில் நாளொன்றுக்குப் பத்துச் சீட்டுகளுக்குமேல் கிழிக்கலாகாது என்பது துரையின் உத்தரவு. அன்று விடியற்காலையில் வந்து நின்றவர்களில் பத்தாவது ஆள் தலைமைக் குமாஸ்தாவின் சமையற்காரன், அவனுக்குத் தலைவலி. பதினோராவது ஆள் சுருளிவேல். அவனுடைய நெற்றியில் ராமபத்ரன் கை வைத்துப் பார்த்தான், கை சுட்டது. “இன்னிக்குப் பத்து ஆயிடுத்து, நாளைக்கு வா” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினான். சுருளிவேல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு லயத்துக்குத் திரும்பிப் படுத்துவிட்டான். சீட்டு இல்லாமல் படுத்திருந்தவனைக் கங்காணி வீரபாண்டி காலைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, கம்பு முறியும் வரைக்கும் அடித்தான். நண்பகலில் நான்கு பேர் அதே கம்பளியில் அவனைத் தூக்கிவந்தார்கள். பலகையில் கிடத்திய அரைமணி நேரத்தில் உயிர் போயிற்று. காலையில் ஒரு சீட்டுக்குப் போதாத காய்ச்சல், மாலையில் ஒரு மரணத்துக்குப் போதுமானதாயிற்று.

சுருளிவேலின் மனைவி ராமுத்தாய் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். அவள் அழவில்லை, அழுது முடித்தவளைப்போலவும் இல்லை.

“எழுதியாச்சா சாமி?”

“எழுதியாச்சு.”

“என்னான்னு எழுதுனீக?”

ராமபத்ரன் கைகளைக் கழுவத் தொடங்கினான். இருமுறை கழுவினான். அவள் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை. பிணத்தைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். இருட்டுவதற்குமுன், தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில் புதைத்துவிட்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில், தன் குவார்ட்டர்ஸிலிருந்து டிஸ்பென்சரிக்குப் பெரட்டுக்களத்தின் ஓரமாக அவன் நடந்துகொண்டிருந்தான். பெரட்டு என்பது வேலை தொடங்குமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வீரபாண்டிக்கு எழுத்து தெரியாது. நூற்றிருபது பெயர்களும் அவனுக்கு மனப்பாடம். தலைப்பாகையும் கோட்டும் அணிந்து, புதிய கம்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூப்பிட்டுவரும் வரிசையிலேயே அன்றும் கூப்பிட்டுக்கொண்டு போனான். மனப்பாடம் செய்தவன் செய்யக்கூடிய பிழை ஒன்று உண்டு. அதை அவன் செய்தான்.

“சுருளிவேலு!”

களம் அடங்கியது. கொழுந்துக் கூடைகளின்மேல் மழைத்துளி விழும் ஓசை மட்டும் கேட்டது. கங்காணிக்கே தன் வாய் என்ன சொல்லிற்று என்பது அப்பொழுதுதான் விளங்கியிருக்க வேண்டும். அடுத்த பெயருக்கு நாக்கைத் திருப்ப முயன்றான்.

“இருக்கேன்” என்றது ஒரு குரல்.

வரிசையை விலக்கிக்கொண்டு வந்தவன் நல்லதம்பி, இறந்தவனின் உடன்பிறந்தான், கவ்வாத்து வெட்டுகிறவன். கவ்வாத்துக் கத்தியின் நுனி வளைந்திருக்கும். விரற்கடைப் பருமனுள்ள தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் அரியும். வீரபாண்டி கம்பை உயர்த்தினான். கத்தி கம்பையும் அதைப் பிடித்திருந்த மணிக்கட்டையும் சேர்த்து அரிந்தது. கை முழுதும் விழவில்லை. ஒருபக்கத்துத் தோலில் தொங்கி, ஆடி, கோட்டின்மேல் இரத்தத்தை இறைத்தது. நல்லதம்பி இரண்டாம் முறை ஓங்கினான். அதற்குள் ஆறேழு பேர் அவன்மேல் விழுந்துவிட்டார்கள். அவனை அமுக்கியவர்களில் மூவர், முந்தைய நாள் அவனுடைய அண்ணனைக் கம்பளியில் தூக்கிவந்தவர்கள்.

ராமபத்ரன் ஓடினான். மேல்துண்டைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டி, குச்சியைச் செருகி முறுக்கினான். கங்காணி கீழே கிடந்து மாட்டைப்போல அலறினான். முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கால்மணி நேரத்தில் அடங்கிவிடுவான் என்பது ராமபத்ரனுக்குத் தெரியும். அவன் தளர்த்தவில்லை. கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டுக் கங்காணியைப் பிழைக்கவைத்தார்கள். நல்லதம்பியைக் கயிற்றில் கட்டித் தேவிகுளத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

ராமபத்ரன் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவன். முதற்பிரசவத்திலேயே மனைவியை இழந்தவன். கோயமுத்தூரில் மருந்துகலக்கக் கற்று மலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தில் சரிந்த மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பிணங்களைக் கழுவியவன். டிஸ்பென்சரி அவனுக்குச் சோறு போட்டது. அவனுக்கு மதிப்பைத் தந்தது வேறொன்று. கல்பாத்தியில் யக்ஞநாராயணன் நடத்திவந்த ‘நிளா தீபிகை’ என்னும் மாதப் பத்திரிகையில், ‘மலைவாசி’ என்ற பெயரில் அவன் கதைகள் எழுதிவந்தான். வாக்கியம் பிசகாமல் எழுதுகிறவன் என்று அவனுக்குப் பெயர் இருந்தது.

ஆவணி மூன்றாந்தேதி, விடாத மழையில், அவன் எழுதத் தொடங்கினான். நான்கு நாட்களில் முடித்துவிட்டான். கதைக்குக் ‘கம்பளி’ என்று பெயரிட்டான். பெயர்களைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று, சுருளிவேலைச் சுருளிவேல் என்றும் வீரபாண்டியை வீரபாண்டி என்றுமே எழுதினான். முதல் தாளின் தலைப்பில் தேதியிட்டான். பதினோராவதாக நின்றவனுக்குச் சீட்டு இல்லை என்று சொன்ன வைத்தியனையும் ‘நான்’ என்றே வைத்து உள்ளது உள்ளபடியே எழுதினான். அவனுக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது ஏதேனும் உண்டென்றால், அந்த நான்கு நாட்களையே சொல்ல வேண்டும்.

யக்ஞநாராயணனின் பதில் பத்து நாட்களில் வந்தது.

“கதை மிகவும் உயர்ந்தது. பெயர்களை மாற்றியே தீர வேண்டும். அவதூறு வழக்குக்கு என்னிடம் தெம்பில்லை. மற்றொன்று: உன் கதையில் வரும் வைத்தியன் நல்ல குலத்தவன் என்று தெரிகிறது. அவன் சீட்டு மறுத்தான் என்று அச்சிட்டால், படிப்பவன் யாரோடு நிற்பான்? கங்காணி கொடியவன், துரை கொடியவன், வைத்தியனும் கொடியவன் என்றால் அது கதையன்று, சாக்கடை. ஒருவனாவது கை சுத்தமாக இருக்கட்டும். அவன் சீட்டுக் கொடுக்கட்டும். கங்காணி அதைக் கிழிக்கட்டும். யோசித்துப் பார்.”

ராமபத்ரன் யோசித்தான், அதிக நேரம் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதியனுப்பினான். திருத்திய பக்கமே கதையில் மிகச் சிறந்ததாக அமைந்தது. நனைந்த சீட்டைக் கங்காணி இரண்டாகவும் நான்காகவும் கிழித்துச் சேற்றில் எறிவதும், வைத்தியன் அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதும் வாசகர்களைக் கலங்கவைத்தன. ஐப்பசி இதழ் வெளிவந்தபின் ஒலவக்கோட்டிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் கடிதங்கள் வந்தன. மூன்றாம் முறை அச்சில் வாசித்தபோது, சீட்டுக் கிழிபட்ட ஓசை ராமபத்ரனுக்கு நினைவில் இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை, ராமுத்தாய் கொழுந்துக் கூடையோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். மருந்துக்கு வந்தவர்களெல்லாம் போகும் வரைக்கும் ஓரமாக நின்றாள். பிறகு, கூடையிலிருந்து துணியில் சுற்றிய பத்திரிகையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“வக்கீலய்யா குடுத்தாக.”

நல்லதம்பிக்காக வழக்காட ஒப்புக்கொண்டவர் சுவக்கீன் என்னும் தேவிகுளத்து வக்கீல். மலையில் நடந்த சாவைப்பற்றிப் பாலக்காட்டில் கதை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இதழை வரவழைத்தவர் அவர்தான்.

“முழுசும் வாசிச்சுச் சொன்னாக. அடிச்சது, இழுத்தது, கம்பு முறிஞ்சது, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீக சாமி. பக்கத்துல நின்ன எனக்கே அம்புட்டு வெவரம் தெரியாது.”

“ராமுத்தாயி...”

“ஆனா ஒரு சீட்டு வருது. நீங்க சீட்டு குடுத்ததாவும், அத அந்தக் கங்காணி கிழிச்சதாவும். அவுக கைல ஒண்ணும் இல்லியே சாமி. வெறுங்கையோடதான வந்து படுத்தாக? நான் கேட்டேன், சீட்டு எங்கன்னு. சாமி நாளைக்கி வரச் சொல்லிட்டாருன்னாக.”

“அது கதை. கதைக்காகச் சேர்த்தது.”

“யாருக்கு வேணும்னு சேத்தீக?”

அவள் குரலை உயர்த்தவில்லை. கூடையின் வாரை நெற்றியில் ஏற்றிக்கொண்டாள்.

“வக்கீலய்யா சொல்லுதாக, எங்கொழுந்தன் காரணமில்லாம வெட்டுனான்னா ஏழெட்டு வருசமாம். அண்ணன அடிச்சுக் கொன்ன கைய வெட்டுனான்னா ரெண்டோ மூணோதானாம். பாத்தவுக ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காக. நான் பொண்டாட்டி, எம்பேச்சு அம்பலம் ஏறாது. நீங்க கோர்ட்டுல வந்து சொல்லணும். இந்தப் பொஸ்தகத்துல உள்ளத இல்ல. உள்ளத.”

வரமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அவள் வந்துபோன செய்தி கங்காணிக்கு எட்ட ஒரு நாள்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள், வெட்டுண்ட கைக்குக் கட்டு மாற்ற வீரபாண்டி வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, மொண்டிக்கையை மேசைமேல் நீட்டினான். இளஞ்சிவப்பாகச் சுருங்கிய தோலில் ஓரிடத்தில் இன்னும் நீர் கோத்திருந்தது.

“சாமி கதயெல்லாம் எழுதுதாகளாம்ல?”

ராமபத்ரன் பஞ்சை எடுத்தான்.

“எழுதுங்க. பொழுது போகணும்ல. ஆனா கோர்ட்டுப் படி ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ண யோசிங்க. எனக்கு ஒரு கைதான் போச்சு. உங்களுக்கு எழுதுறதுக்கும் மருந்து கலக்குறதுக்கும் சோறு திங்கிறதுக்கும் எல்லாத்துக்கும் அந்த வலதுகைதான?”

அவன் சிரித்தான். ராமபத்ரன் டிங்க்சர் குப்பியைத் திறந்தான். சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து தடவுவதுதான் முறை. அவன் கலக்கவில்லை. குப்பியை அப்படியே புண்ணின்மேல் கவிழ்த்து, மற்றொரு கையால் அந்தக் கையை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். மருந்து புகைந்ததுபோல் இருந்தது. வீரபாண்டியின் கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. நாற்காலியின் கால் தரையில் தடதடவென்று ஆடியது. ஆனால் சிரிப்பை அவன் விடவில்லை.

“நம்ம தொழிலும் சாமிக்கு நல்லா வருதே” என்றான்.

குப்பியை வைத்துவிட்டு ராமபத்ரன் அந்தக் கைக்குப் புதுக்கட்டுப் போட்டான். அழுத்திப் பிடித்திருந்த அந்தச் சில கணங்கள் அவனுக்கு இனித்திருந்தன. அதுவே அவனைக் கூசச் செய்தது.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மறையூர் வழியாக இறங்கி, உடுமலைப்பேட்டையில் வண்டி பிடித்து, மூன்றாம் நாள் கல்பாத்திக்குப் போய்ச் சேர்ந்தான். அவனுக்கு வேண்டியது ஒரே பொருள்: திருத்தாத முதற்பிரதி. வழக்கு என்ற பேச்சே எழாத ஆவணி மாதத்தில், தேதியிட்டு, உண்மையான பெயர்களோடு, தன் குற்றத்தையும் மறைக்காமல் எழுதிய தாள்கள் அவை. அவற்றைக் காட்டினால் நீதிபதி நம்பக்கூடும்.

யக்ஞநாராயணனின் வீட்டு முன்னறையில்தான் அச்சு இயந்திரம் இருந்தது. அவர் எழுத்துப் பெட்டியின்முன் நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“ஏண்டா ராமா, கதை எழுதினவன் சாட்சி சொல்லப் போறதை நான் எங்கேயும் கேட்டதில்லை. நோக்கு என்ன, புத்தி கலங்கிடுத்தா?”

“அந்தப் பையன் ஏழு வருஷம் உள்ளே போயிடுவான்.”

“கையை வெட்டினவன்தானே? போகட்டும்.”

“நான் சீட்டுக் கொடுக்கலைன்னு எழுதினது அதில்தான் இருக்கு. நீங்கதான் மாத்தச் சொன்னேள்.”

“மாத்தச் சொன்னேன். கையைப் பிடிச்சா மாத்தினேன்? அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு எத்தனை பேர் அழுதா தெரியுமோ? நல்லா எழுதியிருக்கேன்னு நீயும்தானே சந்தோஷமாக் காயிதம் போட்டாய்? இப்போ பத்திரிகையிலே வந்தது பொய்யின்னு கோர்ட்டிலே ஏறிச் சொன்னால், ‘தீபிகை’யை நாளைக்கு எவன் தொடுவான்? முதற்பிரதியும் இல்லை, ஒண்ணும் இல்லை. அச்சுக் கோத்தாச்சுன்னா காயிதம் அடுப்புக்கு.”

உள்வாயிலில் அவருடைய மனைவி பாகீரதி, ஈர அச்சுத்தாள்களை மடித்துக்கொண்டு நின்றாள். பத்திரிகையின் பிழைகளைத் திருத்துபவள் அவள்தான் என்பதை அந்தத் தெரு அறியாது, ராமபத்ரன் அறிவான். கணவர் ‘அடுப்புக்கு’ என்றபோது அவளுடைய கை மடிப்பதை நிறுத்தியது. பிறகு மறுபடியும் மடிக்கத் தொடங்கியது.

மார்கழியில் தேவிகுளத்தில் விசாரணை நடந்தது. கோர்ட்டுக் கச்சேரியின் கண்ணாடிச் சன்னல்களில் மஞ்சு வெள்ளையாக அப்பியிருந்தது. நல்லதம்பி விலங்கோடு நின்றான். மலையிலிருந்து இறங்கும்போது எவனோ உதைத்ததில் அவனுடைய முன்பற்கள் இரண்டு போயிருந்தன. ராமபத்ரன் கூண்டில் ஏறினான். சுவக்கீன் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னான்: முதுகின் நிலை, விலா முறிந்தது, காதின் இரத்தம். அவனுடைய குரல் தெளிவாக இருந்தது. ராமுத்தாய் கதவருகே தரையில் உட்கார்ந்து, அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் முன்னால் மூன்று பொருள்கள் இருந்தன: பதிவேடு, பத்திரிகை, சீட்டுப் புத்தகம்.

“பதிவேட்டில் ‘சுரம்’ என்று எழுதியது உம்முடைய கைதானே?”

“ஆம்.”

“அது உண்மையா?”

“இல்லை.”

“சரி. இந்தப் பத்திரிகையில் ‘மலைவாசி’ என்பது நீர்தானே? இதில் வைத்தியன் சீட்டுக் கொடுத்தான் என்று இருக்கிறது. கொடுத்தீரா?”

ராமபத்ரன் ராமுத்தாயைப் பார்த்தான்.

“கொடுக்கவில்லை.”

வக்கீல் சீட்டுப் புத்தகத்தை விரித்து, சுருளிவேல் இறந்த செவ்வாய்க்கிழமையின் அடிக்கட்டைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். பத்துப் பெயர்கள். கடைசியில் தலைமைக் குமாஸ்தாவின் சமையற்காரன்.

“ஆக, பதிவேட்டில் எழுதியதும் பொய், பத்திரிகையில் எழுதியதும் பொய். ஒன்று சம்பளத்துக்காக, மற்றது புகழுக்காக. இன்று சொல்வது மட்டும் எதற்காக என்று கோர்ட்டார் தெரிந்துகொள்ள வேண்டாமா?”

“சீட்டு மட்டும்தான் பொய். அடித்தது உண்மை.”

“எது உண்மை எது பொய் என்று பிரித்துக் காட்ட உம்மிடம் என்ன இருக்கிறது?”

அவனிடம் ஒன்றும் இல்லை. கச்சேரியில் யாரோ சிரித்தார்கள். சாட்சியின் சொல் எவ்வகையிலும் நம்பத்தக்கதன்று என்று நீதிபதி எழுதினார். நல்லதம்பிக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. தீர்ப்பைக் கேட்டபின் அவன் பல் போன இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே, ராமபத்ரனைக் கடந்து நடந்தான்.

அன்று பிற்பகல், தோட்டத்துக்குத் திரும்பும் பாதையின் வளைவில், பின்னாலிருந்து ஒரு கம்பளி ராமபத்ரனின் தலைமேல் விழுந்தது. கம்பளியில் புகையும் ஆட்டு வாடையும் வீசின. அவன் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் அடி முழங்காலில் விழுந்தது. கீழே விழுந்தபின் அடிகள் முறைவைத்து விழுந்தன: முதுகு, விலா, தோள். கம்புக்குக் கணுக்கள் இருந்தன. ஒருவன் அவனுடைய வலதுகையை இழுத்து ஒரு கல்லின்மேல் வைத்து, செருப்புக் காலால் மிதித்தான். எலும்பு முறிந்த ஓசையைக் கம்பளிக்குள் அவன் கேட்டான்.

“எத்தன அடின்னு தப்பில்லாம எழுதிக்கிடுங்க சாமி” என்றது ஒரு குரல். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவனைப் பார்க்கக் கம்பெனி டாக்டர் வரவில்லை. வேலையிலிருந்து நீக்கிய உத்தரவுதான் வந்தது. விலாவைச் சுற்றித் தானே கட்டுப் போட்டுக்கொண்டான். வலதுகை விரல்களுக்கு மூங்கிற்பட்டை வைத்து இடதுகையால் கட்டினான். தை மாதம் பிறந்த மறுவாரம், குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளன்று விடியற்காலையில், ஆபீஸ் பியூன் ஓர் உறையைக் கொண்டுவந்து படியில் போட்டுவிட்டுப் போனான். கல்பாத்தித் தபால் முத்திரை. முத்திரையின் தேதி விசாரணைக்கு ஒன்பது நாட்கள் முந்தியது. உறையின் வாயை யாரோ நீராவியில் பிரித்து, சோற்றுப் பசையால் மறுபடி ஒட்டியிருந்தார்கள். எதற்காக எரிக்காமல் விட்டார்கள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. இனிப் பயனில்லை என்று நினைத்திருக்கலாம்.

உள்ளே முதற்பிரதியின் தாள்கள் முழுதும் இருந்தன. மேலே ஆவணி மூன்று என்ற தேதி. வைத்தியனைப்பற்றிய பகுதியின் குறுக்கே யக்ஞநாராயணனின் சிவப்பு மைக் கோடு. தனியே ஒரு துண்டுத்தாளில், பிழைதிருத்தும் சிறிய கையெழுத்தில் ஒரே வரி: “இது அடுப்புக்குப் போகவில்லை.”

அவன் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்தான். வரிசைகள் நின்றுவிட்டன. வீரபாண்டி இடதுகையில் கம்போடு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கோட்டின் வலதுகை முழங்கைக்குக் கீழே வெறுமையாக ஆடியது. ராமுத்தாய் பெண்களின் இரண்டாம் வரிசையில் இருந்தாள். ராமபத்ரன் அவள்முன் போய் நின்று, தாள்களை நீட்டினான்.

“இது முன்னாலே எழுதினது. மாத்தறதுக்கு முன்னாலே. சுவக்கீன் வக்கீல்கிட்டே கொடு. மேல்கோர்ட்டுக்கு...”

அவள் தாள்களை வாங்கவில்லை. அவனுடைய கட்டுப்போட்ட கையையும் தாளின் சிவப்புக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சீட்டு குடுத்ததா இருக்கா, குடுக்கலன்னு இருக்கா?”

“கொடுக்கலைன்னு இருக்கு.”

“கங்காணி பேரு?”

“இருக்கு.”

“வக்கீலய்யாகிட்ட நானே கொண்டு குடுக்கேன்” என்றாள் அவள். “மொதல்ல இங்க வாசிங்க.”

“இங்கேயா?”

“அன்னைக்கி என்னா எழுதுனீகன்னு கேட்டேன். கையக் கழுவுனீக. இப்ப வாசிங்க.”

அவன் தாளை இடதுகையில் பிடித்தான். தாளைப் பார்த்தபடியே தணிந்த குரலில் வாசித்தான்.

“‘பதினோராவதாக நின்ற சுருளிவேலின் நெற்றியில் நான் கை வைத்தேன். கை சுட்டது. சீட்டு இல்லை, நாளைக்கு வா என்றேன். அவன் போய்ப் படுத்தான். கங்காணி வீரபாண்டி...’”

“கேக்கல சாமி. கடேசி வரிசைக்குக் கேக்கணும்.”

பெண்கள் திரும்பினார்கள். ஆண்களின் வரிசையில், அன்று கம்பளியின் நான்கு முனைகளைப் பிடித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் மட்டும் குனியவில்லை. பெயர் கூப்பிடும் குரல் பாதியில் நின்றது. சங்கு ஊதியது; கலைந்து போக வேண்டிய வரிசைகள் கலையவில்லை. தலைமைக் குமாஸ்தா ஆபீஸ் படியிலிருந்து கையை ஆட்டி எதையோ கத்தினார். வீரபாண்டி கம்பைத் தோளுக்குமேல் உயர்த்தியபடி சேற்றில் இறங்கி, அவர்களை நோக்கி நடக்கத் தொடங்கினான். அவனுடைய வெற்றுச் சட்டைக்கை காற்றில் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டது. ராமுத்தாய் திரும்பிப் பார்த்தாள். கூடையின் வாரை நெற்றியிலிருந்து கழற்றி, கூடையைக் கீழே வைத்துவிட்டு, தாளுக்கும் அவன் வரும் வழிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

மஞ்சில் எழுத்துகள் ஈரமாகிக் கலங்கத் தொடங்கியிருந்தன. ராமபத்ரன் தாளை முகத்துக்கு அருகே உயர்த்தி, முதல் வரியிலிருந்து மறுபடி, உரத்த குரலில் தொடங்கினான்.